சட்டையும் செருப்பும் தடைசெய்யப்பட்ட மண்ணிலிருந்து ஒரு படைவீரர்: தியாகி இம்மானுவேல் சேகரன்

ஆண்டிபட்டியிலிருந்து வைகை அணைக்குச் செல்லும் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால், இருட்டுக்குள் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். 1,600 மீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது அவர்களது கணக்கு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் முகாம் எந்த மாவட்டத்தில் எப்போது நடக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இவர்களுள் கணிசமானவர்கள் நம் சேரிகளிலிருந்து வருகிறவர்கள். ஒரு கோடை முழுவதும் கட்டட வேலைக்குப் போய், கல்லூரியைப் பாதியில் விட்டு, திருவிழாத் தகராறு ஒன்றில் பெயர் சேர்க்கப்பட்டு, வீட்டில் பேச்சு வாங்கி, கடைசியில் இந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

வழக்கறிஞர்களாக நாம் அவர்களை வேறோர் இடத்திலும் சந்திக்கிறோம். ஓட்டத்தில் தேறி, மருத்துவப் பரிசோதனையில் தேறி, காவல்துறைச் சரிபார்ப்பில் வந்து நிற்கும்போது அவர்கள் நம் மேசைக்கு முன் அமர்கிறார்கள். கையில் ஒரு முதல் தகவல் அறிக்கையின் நகல் இருக்கும். பதினெட்டு வயதில் பதிவான ஒரு வழக்கு, ஒரு வாழ்க்கையின் வாசலை அடைத்துவிடுமா என்பது அவர்கள் கேட்கும் கேள்வி.

அவர்களது தெருக்களின் முகப்பில் ஒரு படம் இருக்கிறது. அடர்ந்த மீசையும் நிமிர்ந்த பார்வையும் கொண்ட அந்தப் படத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று மாலையிடுகிறார்கள். அந்தப் படத்தில் இருப்பவரும் பதினெட்டு வயதில் சிறைக்குப் போனவர். மூன்றாண்டுகள் கழித்துப் பட்டாளத்தில் சேர்ந்தவர். வருசநாட்டு மலையில் பிறந்து ஆண்டிபட்டி வட்டத்தைக் கடந்து மதுரை, மானாமதுரை வழியாக வைகை சென்றடையும் பரமக்குடியில், 33 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது கொல்லப்பட்டவர். தியாகி இம்மானுவேல் சேகரனின் கொலையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர் ஏன் பட்டாளத்துக்குப் போனார், அங்கிருந்து எதைக் கொண்டுவந்தார் என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

தடைகளின் பட்டியல்

இம்மானுவேல் 1924 அக்டோபர் 9 அன்று, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில் பிறந்தார். தந்தை வேதநாயகம் பள்ளி ஆசிரியர். அரசு ஆவணங்கள் பள்ளர் என்று குறித்த, இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கப்படும் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பம் அது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் ஒரு வாத்தியார் வீடு என்பது அன்றைய இராமநாதபுரத்தில் எவ்வளவு பெரிய மீறல் என்பதை அறிய, அந்த மண்ணில் அப்போது நடைமுறையில் இருந்த ஒரு பட்டியலை நாம் படிக்க வேண்டும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் கூடி, ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ போகக் கூடாது. சட்டையும் பனியனும் போடக் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடவோ ரவிக்கை அணியவோ கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், இப்பட்டியல் பதினொன்றாக நீண்டது. அதில் ஒரு தடை, ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது. அவர்கள் மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க வேண்டும். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது. இந்தியக் குடிமை அதிகாரியும் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையருமான ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அப்போது இம்மானுவேலுக்கு வயது ஆறு. எழுத்துப் படிக்கத் தொடங்கும் வயது. எழுத்துச் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட தந்தையின் வீட்டில், தன் சாதிப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது என்ற கட்டளை உலவிய மாவட்டத்தில் அவர் வளர்ந்தார். தந்தையின் தொழிலே அந்தப் பட்டியலுக்கு எதிரான சாட்சியமாக இருந்தது.

இங்கே சட்டத்தின் வரலாற்றையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். 1938-இல் சென்னை மாகாணம் குடிமைத் தடைகளை நீக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. பொதுச் சாலை, கிணறு, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோரைத் தடுப்பதை அச்சட்டம் தண்டனைக்கு உரியதாக்கியது. ஆனால் முதுகுளத்தூர் வட்டாரத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளையும் சிரட்டையும் அப்படியே இருந்தன. சட்டம் அரசிதழோடு நின்றது. தடைப் பட்டியல் தெருவில் வாழ்ந்தது. இளம் இம்மானுவேல் கற்ற முதல் சட்டப் பாடம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பதினெட்டு வயதில் சிறை

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியது. பதினெட்டு வயது இம்மானுவேல் அதில் இறங்கிக் கைதானார். மூன்று மாதம் சிறையில் இருந்தார். தலித் விடுதலை வரலாற்றை எழுதும் நம்மில் சிலர் இந்தப் பகுதியைச் சற்றுத் தயங்கியே கடக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் அதே 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றிருந்தார். அவர் எதிர்த்த இயக்கத்தில் இம்மானுவேல் சிறை சென்றார் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற குழப்பம் அது.

நாம் இதில் குழம்பத் தேவையில்லை. இராமநாதபுரத்தின் ஒரு மூலையில் வாழ்ந்த பதினெட்டு வயது இளைஞனுக்கு, தெருவில் திரண்ட விடுதலை என்ற சொல் பொதுவானதாகத் தோன்றியது. தன் தலைமுடிக்கும் சட்டைக்கும் விடுதலை தேவைப்பட்ட ஒருவன், நாட்டுக்கான விடுதலையில் தனக்கும் பங்கு உண்டு என்று நம்புவது இயல்பானது. கசப்பு அதற்குப் பிறகு வருகிறது. சிறையிலிருந்து திரும்பியவருக்கு ஊர் மாறியிருக்கவில்லை. போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் தேநீர்க் கடையில் தோளோடு தோள் உட்கார்வதில்லை. நாட்டுப்பற்றாளன் என்ற பெயர் சிறை வாசலில் கிடைத்தது; ஊர் எல்லையில் பழைய பெயரே காத்திருந்தது.

1942-க்கும் 1945-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை நாம் அந்த வெளிச்சத்திலேயே வாசிக்கிறோம். படித்த குடும்பத்தின் பிள்ளை, சிறை சென்ற பிள்ளை, ஊரின் கட்டளைக்கு அடங்காத பிள்ளை. ஆதிக்கச் சாதிக் கிராமம் இத்தகைய இளைஞனுக்கு இரண்டு இடங்களையே வைத்திருக்கும்: பணிந்து வாழும் இடம், அல்லது ஊரை விட்டு ஓடும் இடம். இம்மானுவேல் மூன்றாவது இடம் ஒன்றைத் தேடினார்.

பட்டாளம் என்ற மூன்றாவது இடம்

1945-இல், இருபது, இருபத்தொரு வயதில், அவர் இராணுவத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த படைக்கு ஒரு சாதி வரலாறு இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் பெருமளவில் பணியாற்றினர். சுரங்கமும் பாலமும் அமைக்கும் சென்னைச் சேப்பர் படைப்பிரிவில் பறையர் சமூகத்தினரின் பங்கு குறிப்பிடத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சில இனங்களே போர்க்குணம் உடையவை என்ற கோட்பாட்டை ஆங்கிலேயத் தளபதிகள் கையில் எடுத்தனர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் அதன் முதன்மைப் பிரசாரகர். தென்னிந்தியர் போருக்கு உதவார் என்று கருதப்பட்டுச் சென்னைக் காலாட்படை படிப்படியாகக் கலைக்கப்பட்டது; 1928-இல் கடைசிப் பிரிவும் மறைந்தது. மராட்டியத்தில் மகர் சமூகத்துக்கும் இதே கதவு அடைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஹவில்தாரான கோபால் பாபா வலங்கர் 1890-களில் அதை எதிர்த்து மனு எழுதினார்.

அடைபட்ட கதவை இரண்டாம் உலகப் போர் திறந்தது. போருக்கு முன் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்தியப் படை, போர் முடிவதற்குள் 25 லட்சத்தை நெருங்கியது. 1941-இல் மகர் படைப்பிரிவு மீண்டும் எழுப்பப்பட்டது. அதற்காக அம்பேத்கர் வாதாடியிருந்தார். சென்னைப் படைப்பிரிவும் போர்க்காலத்தில் உயிர்பெற்றது. 1943-இல் தொடங்கப்பட்ட சமார் படைப்பிரிவு, போர் முடிந்ததும் 1946-இல் கலைக்கப்பட்டது. தேவைப்படும்போது வீரன், தேவை தீர்ந்ததும் தீண்டத்தகாதவன் என்பதே படைக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் இடையிலான உறவின் சுருக்கம். இம்மானுவேல் திறந்திருந்த அந்தக் கதவு வழியாக உள்ளே போனார்.

தன்னைச் சிறையில் அடைத்த அரசின் படையில் அவர் சேர்ந்தது முரண்பாடு இல்லையா? தேசியவாத வரலாற்றாசிரியருக்கு அது முரண்பாடுதான். நமக்கு அப்படித் தோன்றவில்லை. 1930-இன் தடைப் பட்டியலை மறுபடி எடுத்து, ஒரு சிப்பாய்க்கு முதல் நாளில் கொடுக்கப்படும் பொருள்களை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைமுடி கத்தரிக்கப்படுகிறது. பனியனும் சட்டையும் தரப்படுகின்றன. முழங்காலைத் தாண்டிய கால்சட்டை வருகிறது. காலுக்குப் பூட்ஸ் வருகிறது. உண்ண உலோகத் தட்டும் குவளையும் வருகின்றன. ஊர் எதையெல்லாம் கூடாது என்றதோ, அதையெல்லாம் பட்டாளம் கட்டாயம் என்றது. ஊரில் அணிந்தால் குடிசை எரியும். முகாமில் அணியாவிட்டால் தண்டனை கிடைக்கும். இராமநாதபுரத்து ஒடுக்கப்பட்ட இளைஞனுக்குக் காக்கிச் சீருடை என்பது, தடைசெய்யப்பட்ட அனைத்தையும் ஒரே நாளில் உரிமையோடு அணிவது.

படையில் சாதி இல்லை என்று நாம் சொல்லவில்லை. சாதிப் பெயரிலேயே படைப்பிரிவுகளை அமைத்த நிறுவனம் அது. ஆயினும் அங்கே ஒருவரை அழைக்க எண்ணும் பதவியும் இருந்தன. கட்டளையை ஏற்றவர், கட்டளையிடுபவரின் தோள்பட்டையில் இருந்த பட்டையை மதிக்க வேண்டியிருந்தது. இம்மானுவேல் ஹவில்தார் நிலைக்கு உயர்ந்தார். அதாவது, பிற சாதிச் சிப்பாய்களுக்கு அவர் கட்டளையிட்டார், அவர்கள் கீழ்ப்படிந்தனர். ஊர் இயற்கை என்று சொல்லிவந்த ஏற்றத்தாழ்வு வெறும் ஏற்பாடு என்பதை அவர் தன் கண்ணால் கண்டார். கண்டதை மறக்க முடியாது.

படையில் இருந்த நாள்களில் அவர் பல மொழிகளைக் கற்றார் என்று பரமக்குடி மக்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். 1946-இல் அமிர்தம் கிரேஸை மணந்தார். நான்கு பெண் பிள்ளைகள் பிறந்தனர். சம்பளம் இருந்தது, மரியாதை இருந்தது, ஓய்வூதியத்தை நோக்கிய பாதையும் இருந்தது.

திரும்பி வருதல்

1950-களின் தொடக்கத்தில் அவர் பணியை விட்டு ஊர் திரும்பினார். அப்போது அவர் இருபதுகளின் பிற்பகுதியில் இருந்தார். நம் பார்வையில், பட்டாளத்தில் சேர்ந்ததைவிடப் பெரிய முடிவு இதுதான். சேர்ந்தது அவரது தன்மானத்தைக் காத்தது. திரும்பியது மற்றவர்களின் தன்மானத்துக்காக.

அவர் வந்தபோது அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்திருந்தது. முதுகுளத்தூர்த் தேநீர்க் கடை அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஹவில்தாராக உலோகக் குவளையில் தேநீர் குடித்த மனிதருக்கு முன்னால் மறுபடியும் தனிக் குவளை நீட்டப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தின் பொதுச் செயலாளராக அவர் ஊர் ஊராகச் சென்றார். இரட்டைக் குவளை ஒழிப்பு மாநாட்டைக் கூட்டினார். குவளையை மட்டும் அவர் பேசவில்லை. படிப்பு, கூலி, நிலம், பெண்களின் மானம், அடித்தால் வழக்குப் பதிவு செய்வது என்று பேசினார். அடங்கிப் போவதை அறம் என்று சொல்லிவைத்திருந்த ஒரு வட்டாரத்தில், அணிவகுத்து நிற்பதைக் கற்றுக்கொடுத்தார்.

ஒரு படைவீரரின் பழக்கங்கள் அவரது அரசியலில் தெரிகின்றன. தனி ஆளாகச் சண்டையிட்டு அழிவதை அவர் ஊக்குவிக்கவில்லை. சங்கமாகத் திரளச் சொன்னார். ஒரு கிராமத்தில் தாக்குதல் நடந்தால் அங்கே நேரில் போய் நின்றார். அதிகாரியைப் பார்க்கப் போகும்போது கைகட்டி நிற்கும் வழக்கத்தை உடைத்தார். மனு, சாட்சி, தேதி, பெயர் என்று ஆவணமாக்கினார். 1955-இல் நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றச் சட்டத்தை இயற்றியது. உணவகத்தில் வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு குற்றமாக்கியது. இம்மானுவேல் கிராமம் கிராமமாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுவே.

1957

1957 பொதுத் தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கும் ஒருசேரத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டமன்ற இடத்தை அவர் விட்டுக்கொடுக்க, ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. பார்வர்டு பிளாக் வேட்பாளர் வென்றார். தேவேந்திரர்களுள் பெரும்பாலோர் காங்கிரசின் பக்கம் நின்றனர். இம்மானுவேலும் அப்போது காங்கிரசில் இருந்தார். நிலவுடைமை வீட்டுக் கட்டளைக்கு எதிராக ஒடுக்கப்பட்டவர் தன் விருப்பப்படி வாக்களித்ததே பகைக்குப் போதுமான காரணமானது. மோதல்கள் கிராமங்களுக்குப் பரவின.

செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் சி.வி.ஆர். பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். தேவேந்திரர்களின் பிரதிநிதியாக இம்மானுவேல் அதில் அமர்ந்தார். எல்லாத் தலைவர்களுக்கும் சமமாக, ஒரே கூடத்தில், ஒரே மேசையைச் சுற்றி. இராணுவத்தில் அது அவருக்குப் பழகிய ஒன்று. முதுகுளத்தூரில் அது நடந்திராத ஒன்று.

மறுநாள் மாலை எமனேசுவரத்தில் பாரதி நினைவு விழாவில் கலந்துகொண்டு பரமக்குடி திரும்பினார். அன்றிரவு அவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதன்பின் கலவரம் மாவட்டத்தை எரித்தது. தேவேந்திரர் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை மறவர் சமூகத்தவர் ஐவரைச் சுட்டுக்கொன்றது. ஏழை மறவரின் பிணமும் ஏழைத் தேவேந்திரரின் பிணமும் அந்த மாதத்தில் ஒரே மண்ணில் விழுந்தன. கொலை வழக்கில் முத்துராமலிங்கத் தேவர் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். 1959 தொடக்கத்தில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கறிஞர்களாக நாம் தீர்ப்பைத் தீர்ப்பாகவே பதிவு செய்கிறோம். நீதிமன்றத்தின் முன் வராத குற்றவாளி ஒன்று உண்டு: சமமாக உட்காருவதை அவமதிப்பாகக் கருதும் மனநிலை. அதன்மீது இன்றுவரை குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை.

1959 ஜனவரியில் ஆண்டிபட்டி அருகே வைகை அணை திறக்கப்பட்டது. இராமநாதபுரம் வரை பாசனத்துக்கு நீர் போகும் என்றார்கள். தண்ணீரைத் தேக்கவும் திறக்கவும் கற்றுக்கொண்ட அரசு, அதே ஆற்றங்கரையில் சாதியைத் திறந்தே விட்டிருந்தது.

வைகையின் இந்தக் கரையில்

இம்மானுவேல் வேறு மாவட்டத்துக்காரர். ஆண்டிபட்டித் தெருவில் அவர் படம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தேனி மாவட்டமும் இரட்டைக் குவளையை அறியாத மண் அல்ல. 1989-இல் போடிநாயக்கனூரைச் சுற்றி மூண்ட சாதிக் கலவரத்தைக் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களிலும் ஏலத் தோட்டங்களிலும் உழைத்த குடும்பங்களுக்குப் பரமக்குடி அந்நிய ஊர் அன்று. 2010 அக்டோபர் 9 அன்று இந்திய அஞ்சல் துறை இம்மானுவேலின் தபால்தலையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 2011 செப்டம்பர் 11 அன்று, அவருக்கு அஞ்சலி செலுத்தத் திரண்டவர்கள்மீது பரமக்குடியில் காவல்துறை சுட்டது. தலித்துகள் பலர் கொல்லப்பட்டனர். அரசு ஒரு கையால் முத்திரை குத்தியது, மறு கையால் விசையை இழுத்தது.

இப்போது விடியற்காலைச் சாலைக்குத் திரும்புவோம். அங்கே ஓடும் இளைஞனிடம், பட்டாளம் ஆதிக்கத்தின் கருவி, போகாதே என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களது அக்கறையை மதிக்கிறோம். ஆனால் ஊரில் கிடைக்காத மரியாதையையும் நிலையான சம்பளத்தையும் தேடி ஓடுபவனை ஏளனம் செய்யும் உரிமை நமக்கில்லை. இராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்ததும், இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்ததும்தான் அவரது மகன் பீமராவின் கையில் புத்தகம் சேர வழியமைத்தன. சீருடை ஒடுக்கப்பட்டோருக்கு எப்போதும் ஒரு படிக்கட்டாக இருந்திருக்கிறது. படிக்கட்டு வீடு ஆகாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சட்டம் பற்றி அந்த இளைஞனுக்குச் சில சொற்கள். சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கை மறைக்காதே. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, கேட்கப்பட்ட தகவலை உண்மையாகத் தெரிவிக்க வேண்டும். மறைப்பதே வேலையைப் பறிக்கும் காரணமாகிவிடலாம். அற்பமான வழக்குகளையும் இளம்வயதுத் தவறுகளையும் வேலை தருபவர் மன்னிக்கலாம் என்பதற்கும் அத்தீர்ப்பில் இடமுண்டு. ஆகவே வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், பொய்யாகச் சேர்க்கப்பட்ட பெயரை நீக்கவும் வழக்கை ரத்து செய்யவும் உயர் நீதிமன்றத்தை நாடு. நம் இயக்கங்களுக்கும் ஒரு சொல்: திருவிழாத் தகராறில் ஐம்பது பேர் பெயரைச் சேர்த்து எழுதும் முதல் தகவல் அறிக்கை, ஐம்பது இளைஞர்களின் வாசலை அடைக்கும் கருவி. ஊர்வலத்துக்குச் செலவிடும் ஆற்றலில் ஒரு பங்கை அந்த வழக்குகளுக்கும் செலவிட வேண்டும். 1945-இல் போருக்கு ஆள் தேவைப்பட்டதால் இம்மானுவேலின் சிறைவாசம் குறுக்கே நிற்கவில்லை. இன்றைய இளைஞனுக்கு அந்தப் போர்க்காலச் சலுகை இல்லை. அவனுக்கு நாம்தான் இருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. 2022-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த அக்னிபாத் திட்டத்தில் சேருகிறவர்களுக்குப் பணிக்காலம் நான்காண்டு. அதிகபட்சம் நான்கில் ஒருவரே தொடர முடியும். மற்ற மூவரும் இருபதுகளிலேயே ஊர் திரும்புவார்கள். ஓய்வூதியம் இல்லாத அந்த ஏற்பாட்டை நாம் எதிர்க்கிறோம். அதை எதிர்க்கும்போதே, திரும்பி வரும் அந்த இளைஞர்களுக்கு ஊர் என்ன வைத்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தனியார் காவலாளி வேலை மட்டுமா? சாதித் தலைவர்களின் பாதுகாப்புப் படை வேலையா? அல்லது, இருபதுகளின் பிற்பகுதியில் பணியை விட்டு வந்து, தான் பெற்ற நிமிர்வை ஊரெங்கும் பகிர்ந்தளித்த ஒருவரின் பணியா?

இம்மானுவேல் சேகரன் சட்டை போட அனுமதி கேட்டு ஊரிடம் நிற்கவில்லை. சட்டை போடுவது கட்டாயமான ஓரிடத்துக்குப் போனார். பிறகு திரும்பி வந்து, பட்டாளத்துக்குப் போகாதவரும் சட்டை போடலாம், பொதுக் குவளையில் குடிக்கலாம், ஒரே மேசையில் உட்காரலாம் என்றார். சீருடை இல்லாதவருக்கும் அந்த மரியாதை கிடைக்கும் நாளே அவரது பணி நிறைவடையும் நாள். அணைச் சாலையில் ஓடும் தம்பிகள் அந்த ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்கட்டும். திரும்பி வரும்போது நாம் அவர்களுக்காகக் காத்திருப்போம்.